சான்இன் கடலோரம்: ஒரே ரயில் பாதையில் ஆறு இரவுகள்

ஜப்பானுக்கு முதல் முறை போகிறவர்கள் டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா என்று மூன்று ஊர்களைச் சுற்றிவிட்டுத் திரும்புவது வழக்கம். இந்த அத்தியாயம் இரண்டாம் முறை போகிறவர்களுக்கும், முதல் முறையே கூட்டத்தைத் தவிர்க்க நினைப்பவர்களுக்கும் எழுதியது.

ஹொன்ஷூ தீவின் மேற்கே, சுகோகு மலைத்தொடருக்கு வடக்கில், ஜப்பான் கடலை ஒட்டி நீண்டு கிடக்கிறது சான்இன். டொட்டோரி, ஷிமானே ஆகிய இரு மாகாணங்கள் இதன் பெரும்பகுதி. 2020 கணக்கெடுப்பில் டொட்டோரியின் மக்கள்தொகை ஏறத்தாழ 5.5 லட்சம். ஜப்பானின் 47 மாகாணங்களில் இதுவே மிகக் குறைவு. அடுத்த இடம் ஏறத்தாழ 6.7 லட்சம் பேர் வாழும் ஷிமானேவுக்கு. புல்லட் ரயில் பாதை மலைக்குத் தெற்கேயே போய்விடுகிறது. வடக்கே பெரும்பகுதி ஒற்றைத் தண்டவாளம்தான், அதில் டீசல் ரயில்கள் கடலையும் வயலையும் பார்த்தபடி ஓடுகின்றன.

அந்த ஒரே பாதையில் ஜப்பானின் மிகப் பழைய வழிபாட்டுத் தலங்களில் ஒன்று, நானூறு ஆண்டைத் தாண்டிய மரக்கோட்டை, உப்பும் நன்னீரும் கலந்த ஏரி, கடலோர மணல்மேடுகள், பாறைக் குடைவில் தொற்றி நிற்கும் கோயில் எல்லாம் வரிசையாக வருகின்றன. இங்கே போகிறவர்களுக்கு நான் சொல்லும் முதன்மையான யோசனை ஒன்றுதான்: தினம் ஊர் மாறாதீர்கள். ஒரு ஊரில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுக் காலையில் கிளம்பி மாலையில் திரும்புங்கள். எதைப் பார்ப்பது என்று முடிவு செய்யும் முன் ரயில் அட்டவணையைக் கையில் எடுங்கள். ஒரு ரயிலை விட்டால் அடுத்ததற்கு ஒரு மணி நேரம் காத்திருக்க நேரலாம். அட்டவணைப்படி நாளை அமைத்துக்கொண்டால் அந்த இடைவெளிகள் சாப்பாட்டுக்கும் நடைக்கும் உதவும்.

எந்த மாதம்?

ஒரே ஒரு மாதம் சொல்லச் சொன்னால் நவம்பர் என்பேன். மலைகளில் இலைகள் சிவந்திருக்கும். மட்சுபா நண்டுப் பருவம் நவம்பர் 6ஆம் தேதி தொடங்கியிருக்கும். பனி விழுந்து மலைப்பாதைகள் மூடுவதற்கு இன்னும் நாள் இருக்கும். டொட்டோரி மணல்மேடுகளுக்குப் பக்கத்து வயல்களில் ராக்கியோ என்ற சிறுவெங்காய வகை ஊதாப் பூவாய்ப் பூத்திருப்பதை அக்டோபர் கடைசியிலும் நவம்பர் தொடக்கத்திலும் பார்க்கலாம்.

பேரிக்காய்க்காகப் போவதென்றால் ஆகஸ்ட் கடைசியும் செப்டம்பரும். நிஜிசெய்கி என்ற பச்சைப் பேரிக்காய் 1904இல் டொட்டோரிக்கு வந்து அதன் அடையாளமாகவே ஆகிவிட்டது. கடித்தால் சாறு வழியும். மாட்சுவே கோட்டையைச் சுற்றிச் செர்ரி பூப்பது ஏப்ரல் தொடக்கத்தில். ஜூன், ஜூலை மழைக்காலம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கடற்காற்றும் ஈரப்பனியும் இருக்கும். ஆனால் நண்டும் வெந்நீர் ஊற்றும் மிகவும் ருசிப்பது அப்போதுதான்.

சோற்றுப் பொட்டலத்தை மறந்தாலும் குடையை மறக்காதே என்று இந்தப் பகுதியில் ஒரு சொலவடை உண்டு. எந்த மாதமானாலும் மடக்குக் குடை ஒன்று பையில் இருக்கட்டும்.

போய்ச் சேர்வது

*ஒகயாமா வழி:* டோக்கியோவிலிருந்து புல்லட் ரயிலில் சுமார் மூன்றேகால் மணி நேரத்தில் ஒகயாமா. ஷின்-ஒசாகாவிலிருந்து முக்கால் மணி நேரம். அங்கிருந்து யாகுமோ விரைவு ரயிலில் மலையைக் கடந்து சுமார் இரண்டரை மணி நேரத்தில் மாட்சுவே. யாகுமோவில் எல்லா இருக்கையும் முன்பதிவுதான். 2024இல் புதிய பெட்டிகள் வந்திருக்கின்றன.

*இரவு ரயில்:* டோக்கியோவில் இரவு பத்து மணிக்குச் சற்று முன் கிளம்பும் சன்ரைஸ் இசுமோ, காலை பத்து மணிவாக்கில் இசுமோ நகரத்தைச் சேர்கிறது. ஜப்பானில் தினமும் ஓடும் படுக்கை ரயில் இப்போது இந்தச் சன்ரைஸ் வகை மட்டுமே. தனியறைகளும் உண்டு. கம்பளம் விரித்த தளத்தில் படுத்துக்கொள்ளும் நொபினொபி இடங்களும் உண்டு, அவற்றுக்குப் படுக்கைக் கட்டணம் கிடையாது. ஒரு மாதம் முன்பு, ஜப்பான் நேரம் காலை 10 மணிக்கு முன்பதிவு திறக்கும். வார இறுதி இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

*ஒசாகா வழி:* சூப்பர் ஹகுதோ ரயில் சுமார் இரண்டரை மணி நேரத்தில் டொட்டோரிக்குக் கொண்டுவிடும். இடையில் ஒரு தனியார் பாதை வருவதால் ஜேஆர் பாஸ் வைத்திருப்பவர்கள் அந்தத் துண்டுக்குத் தனியாகக் கட்டணம் செலுத்த வேண்டும்.

ஒகயாமா வழியாகப் போய் ஒசாகா வழியாகத் திரும்புங்கள். போன வழியே திரும்ப வேண்டியிராது. சான்இன், ஒகயாமா பகுதிக்கென்று வெளிநாட்டுப் பயணிகளுக்குத் தனி ரயில் பாஸ் விற்கிறார்கள். உங்கள் வழிக்கு அது கட்டுப்படியாகுமா என்று முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மாட்சுவே: நான்கு இரவு

ஷின்ஜி ஏரியின் கரையில் அமைந்த கோட்டை நகரம். ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலோ ஏரிக்கரை வெந்நீர் ஊற்றுப் பகுதியிலோ அறை எடுங்கள். முக்கிய இடங்களைச் சுற்றி வரும் லேக்லைன் பேருந்துக்கு ஒருநாள் சீட்டு வாங்கிக்கொண்டால் ஊருக்குள் வேறு வண்டி தேவையில்லை.

கோட்டை. ஜப்பானில் பழைய மூலக் கோபுரம் இன்றும் நிற்கும் கோட்டைகள் பன்னிரண்டே. அவற்றில் மாட்சுவேயும் ஒன்று. கருப்புப் பலகைகள் போர்த்திய இந்தக் கோபுரத்தை 1875இல் 180 யென்னுக்கு ஏலத்தில் விற்று இடிக்கவிருந்தார்கள். உள்ளூர்க்காரர்கள் பணம் திரட்டிக் காப்பாற்றினார்கள். கட்டிய ஆண்டுக்கு உறுதியான சான்று நெடுநாள் கிடைக்கவில்லை. 2012இல் ஒரு ஆலயத்தில் பழைய வேண்டுதல் பலகைகள் கிடைத்தன. அவற்றின் ஆணித் துளைகள் கோபுரத்தின் அடித்தளத் தூண்களில் இருந்த துளைகளோடு பொருந்தின. 1611 என்ற ஆண்டு அப்படித்தான் உறுதியாயிற்று. 2015இல் தேசியப் பொக்கிஷம் ஆனது. உள்ளே போனால் அடித்தளத்திலேயே ஒரு கிணறு இருப்பதைப் பாருங்கள், முற்றுகைக் காலத்துக்கான ஏற்பாடு அது. படிகள் செங்குத்தானவை. காலணியைக் கழற்றி ஏற வேண்டும். வழுக்காத காலுறை நல்லது. முழங்கால் வலி உள்ளவர்கள் முதல் தளத்தோடு நிறுத்திக்கொண்டாலும் நிறையப் பார்க்கலாம்.

அகழிப் படகு. கோட்டையைச் சுற்றிய அகழியில் சுமார் ஐம்பது நிமிடப் பயணம். தாழ்ந்த பாலங்கள் வரும்போது படகோட்டி கூரையைக் கீழே இறக்குவார், எல்லாரும் குனிந்துகொள்ள வேண்டும். குளிர்காலத்தில் படகுக்குள்ளேயே கோட்டாட்சு எனப்படும் சூடான மேசைப் போர்வை போட்டுத் தருகிறார்கள்.

ஹெர்ன் வாழ்ந்த தெரு. கோட்டைக்கு வடக்கே ஷியோமி நவாத்தே என்ற சாமுராய்த் தெருவில் லாஃப்காடியோ ஹெர்ன் குடியிருந்த வீடு இருக்கிறது. கிரேக்கத் தீவில் பிறந்த இந்த எழுத்தாளர் 1890இல் ஆங்கில ஆசிரியராக மாட்சுவேக்கு வந்தார். இங்கே இருந்தது ஓராண்டுக்குச் சற்று அதிகம்தான். இந்த ஊரில் சந்தித்த செத்சுவை மணந்து, பின்னாளில் ஜப்பானியக் குடிமகனாகி, ஜப்பானியப் பேய்க்கதைகளை உலகுக்குச் சொன்னார். வீட்டின் தோட்டம் சிறியது. மூன்று பக்கமும் திறந்த அறையில் உட்கார்ந்து பார்க்க நேரம் ஒதுக்குங்கள்.

தேநீரும் இனிப்பும். கியோட்டோ, கனாசாவா ஆகியவற்றோடு சேர்த்து ஜப்பானின் மூன்று இனிப்பு நகரங்களில் ஒன்றாக மாட்சுவேயைச் சொல்வார்கள். காரணம் ஏழாம் பிரபு மட்சுதாய்ரா ஹருசாதோ. ஃபுமாய் என்ற தேநீர்ப் பெயரால் அறியப்பட்ட அவர் தேநீர்க் கலையில் தேர்ந்தவர். அவருடைய ரசனைப்படி 1779இல் அமைந்த மெய்மெய்-ஆன் தேநீர்க் குடில் கோட்டைக்குப் பக்கத்துக் குன்றின் மேல் இருக்கிறது. பச்சைத் தூள் தூவிய வாகாகுசா, சிவப்பும் வெள்ளையுமான யாமாகாவா இரண்டையும் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். முதலில் இனிப்பு, பிறகு மாட்சா என்ற பச்சைத் தூள் தேநீர். அந்த வரிசையில் சாப்பிட்டால்தான் தேநீரின் கசப்பு இதமாக இருக்கும்.

ஏரி. ஷின்ஜி ஏரியில் கடல்நீரும் ஆற்றுநீரும் கலக்கின்றன. அதனால்தான் நன்னீர் மீனும் கடல் மீனும் இங்கே சேர்ந்து கிடைக்கின்றன. உள்ளூர்க்காரர்கள் ஏரியின் ஏழு சுவைகள் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள்: சுசுகி மீன், மொரோகே இறால், விலாங்கு, அமாசாகி, ஷிராஉவோ, கெண்டை, ஷிஜிமி. இவற்றில் தவறவிடக் கூடாதது ஷிஜிமி. கட்டைவிரல் நக அளவுள்ள இந்தக் கரிய மட்டியை விடிகாலையில் படகில் போய் நீண்ட கழி பூட்டிய இரும்புக் கூடையால் அரித்து எடுக்கிறார்கள். ஏரியில் மட்டி குறையாமலிருக்க ஒரு படகு எவ்வளவு எடுக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. காலை உணவில் மிசோ சூப்பாக வரும். சாறுதான் முக்கியம், ஒரு சொட்டும் விடாதீர்கள். சுசுகி மீனைத் தடித்த காகிதத்தில் சுற்றிச் சுடும் ஹோஷோ-யாக்கி இரவுச் சாப்பாட்டுக்கு உரியது. அதை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

சூரியன் மறைவதைப் பார்க்க ஷிமானே கலை அருங்காட்சியகத்தின் கரைக்குப் போங்கள். மார்ச் முதல் செப்டம்பர் வரை இந்த அருங்காட்சியகம் மூடும் நேரமே சூரியன் மறைந்து அரை மணி கழித்துத்தான். எதிரே யோமேகாஷிமா என்ற குட்டித் தீவு.

இசுமோ: ஒரு முழு நாள்

மாட்சுவே ஷின்ஜிகோ ஒன்சென் நிலையத்திலிருந்து இச்சிபாதா என்ற தனியார் ரயில் ஏரியின் வடகரையை ஒட்டிப் போகிறது. கவாத்தோவில் மாறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் ஆலய வாசல் நிலையம். போகும்போது இடப்பக்கம் உட்காருங்கள், ஏரி கூடவே வரும்.

இசுமோ தாய்ஷா ஒகுனினுஷி என்ற தெய்வத்தின் இருப்பிடம். உறவுகளை இணைத்து வைப்பவர் என்பதால் திருமணம் வேண்டி வருகிறவர்கள் அதிகம். இப்போதைய மூலக் கட்டடம் 1744இல் எழுந்தது, உயரம் சுமார் 24 மீட்டர். முன்காலத்தில் இது இன்னும் உயரமாக இருந்தது என்ற வழக்கு உண்டு. 2000ஆம் ஆண்டு முற்றத்தைத் தோண்டியபோது மூன்று தேவதாரு மரங்களைச் சேர்த்துக் கட்டிய பிரம்மாண்டமான தூண் அடிகள் வெளிப்பட்டன. அவை கிடைத்த இடத்தைத் தரையில் வட்டங்களாகக் குறித்திருக்கிறார்கள். நின்று பாருங்கள், வழக்கு வெறும் கதையில்லை என்று தோன்றும்.

பெரும்பாலான ஷின்டோ ஆலயங்களில் இரண்டு முறை கை தட்டுவார்கள். இங்கே இரண்டு முறை வணங்கி, நான்கு முறை தட்டி, ஒரு முறை வணங்க வேண்டும். காகுராதென் மண்டபத்தில் தொங்கும் வைக்கோல் கயிறு சுமார் 13 மீட்டர் நீளம், எடை சுமார் ஐந்து டன். பழைய சந்திர நாட்காட்டியின் பத்தாம் மாதத்தில் நாட்டின் எல்லாத் தெய்வங்களும் இங்கே கூடுவதாக நம்பிக்கை. மேற்கே இனாசா கடற்கரையில் தீ மூட்டி அவர்களை வரவேற்பார்கள். பெரும்பாலும் நவம்பரில் வரும் அந்த நாட்களில் போவதானால் அறைகளை மிகவும் முன்னதாகப் பிடித்துவிடுங்கள்.

மதியத்துக்கு இசுமோ சோபா. பக்வீட் தானியத்தை உமியோடு சேர்த்து அரைப்பதால் நூடுல்ஸ் கருத்து, வாசனை தூக்கலாக இருக்கும். வாரிகோ என்று கேட்டால் நம் டிபன் கேரியர் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று வட்டத் தட்டுகள் வரும். மேல்தட்டில் முள்ளங்கித் துருவலும் வெங்காயத்தாளும் போட்டு, சாற்றை நேரே ஊற்றிச் சாப்பிடுங்கள். மிஞ்சிய சாற்றை அடுத்த தட்டில் கவிழ்த்துத் தொடருங்கள். கடைசியில் சோபா வெந்த நீர் தருவார்கள், மீதிச் சாற்றில் கலந்து குடியுங்கள். குளிருக்குக் காமாஆகே, அதாவது வெந்த நீரோடே பரிமாறும் சூடான சோபா. சோபாவுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் உண்டு. வாழ்க்கையில் முதல் முறை சாப்பிடுவதென்றால் கொஞ்சமாகத் தொடங்குங்கள்.

பிற்பகலில் பேருந்தில் ஹினோமிசாகி முனைக்குப் போகலாம். 1903இல் கட்டிய வெள்ளைக் கலங்கரை விளக்கம் 43 மீட்டருக்கு மேல். கல்லால் கட்டியவற்றில் ஜப்பானிலேயே உயரமானது. திரும்பும் பேருந்து நேரத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஏற வேண்டும்.

யாசுகியா, வெள்ளிச் சுரங்கமா?

நான்காம் நாளுக்கு இரண்டு வழி.

தோட்டம் பிடித்தவர்கள் யாசுகிக்குப் போங்கள். நிலையத்திலிருந்து அடாச்சி கலை அருங்காட்சியகத்துக்கு இலவசப் பேருந்து, சுமார் இருபது நிமிடம். இந்த ஊரில் பிறந்த அடாச்சி சென்கோ 1970இல் நிறுவியது. இதன் தோட்டத்தை அமெரிக்காவின் ஜப்பானியத் தோட்ட இதழ் ஒன்று 2003 முதல் ஆண்டுதோறும் முதலிடத்தில் வைத்து வருகிறது. தோட்டத்துக்குள் நடக்க முடியாது. சன்னல்களையே சட்டங்களாக வைத்து ஓவியத்தைப் போலப் பார்க்கும்படி கட்டியிருக்கிறார்கள். யோகோயாமா தாய்கானின் ஓவியங்களைப் பார்த்துவிட்டு மறுபடி தோட்டத்தைப் பாருங்கள், ஒன்று மற்றொன்றை விளக்கும். திறந்த உடனே போவது நல்லது. மாலையில் 733ஆம் ஆண்டின் நிலவரலாற்று நூலிலேயே இடம்பெற்ற தாமாட்சுகுரி வெந்நீர் ஊற்றில் குளிக்கலாம்.

வரலாறு பிடித்தவர்கள் மேற்கே இவாமி கின்சான் போங்கள். பதினாறாம் நூற்றாண்டில் தொடங்கிய இந்த வெள்ளிச் சுரங்கம் 2007இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. 1533இல் இங்கே வந்த ஈயத்தோடு உருக்கிப் பிரிக்கும் முறை, உற்பத்தியைப் பெருக்கி ஜப்பானிய வெள்ளியை ஆசியச் சந்தைகளுக்குக் கொண்டுசேர்த்தது. ஓதா நிலையத்திலிருந்து ஒமோரி கிராமத்துக்குப் பேருந்து. அங்கிருந்து ர்யூகென்ஜி சுரங்க வாய் வரை நடை, அல்லது வாடகை மின்சைக்கிள். சுரங்கத்துக்குள் கோடையிலும் குளிரும், மேலாடை எடுத்துக்கொள்ளுங்கள்.

மிசாசா: ஒரு இரவு

ஐந்தாம் நாள் பெட்டியோடு கிழக்கே கிளம்புங்கள். யோனாகோ நிலையப் பெட்டகத்தில் சாமானை வைத்துவிட்டு, பூஜ்யம் எண் நடைமேடையிலிருந்து சகாய்மினாதோவுக்கு முக்கால் மணி நேர ரயில். பேய்ப் படக்கதைக் கலைஞர் மிசுகி ஷிகேருவின் ஊர் அது. அவர் வரைந்த யோகாய்ப் பேய்களின் 177 வெண்கலச் சிலைகள் ஒரே தெருவில் வரிசையாக நிற்கின்றன. குழந்தைகளோடு போகிறவர்கள் இதைத் தவறவிடாதீர்கள். துறைமுகக் கடைகளில் அன்று வந்த மீனைச் சோற்றின்மேல் அடுக்கிய கைசென்-தோன் மதியச் சாப்பாட்டுக்கு.

மாலையில் குராயோஷி வழியாக மிசாசா. ரேடான் கலந்த வெந்நீருக்குப் பெயர்பெற்ற சிற்றூர். குளத்தில் இறங்குமுன் உடம்பை நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். உடை எதுவும் கூடாது, சிறு துண்டைத் தண்ணீரில் நனைக்கவும் கூடாது.

மறுநாள் காலை நாகெயிரே-தோ. மிதோகு மலையின் சன்புட்சுஜி கோயிலைச் சேர்ந்த இந்த மரக்கட்டடம் செங்குத்துப் பாறையின் குடைவில் மெல்லிய கால்களில் நிற்கிறது. எப்படிக் கட்டினார்கள் என்பதற்கு யாரிடமும் தெளிவான விடை இல்லாததால், ஒரு முனிவர் கீழிருந்து எறிந்து ஒட்டவைத்தார் என்று கதை சொல்கிறார்கள். பாதை வேர்களையும் சங்கிலியையும் பிடித்து ஏறும் பாதை. விதிகள் கண்டிப்பானவை, உயிரிழப்புகள் நடந்திருப்பதால் அவை தேவையும்கூட:

- தனியாகப் போக அனுமதியில்லை. குறைந்தது இரண்டு பேர்.
- காலணியின் அடிப்பகுதியைச் சோதிப்பார்கள். பொருந்தாவிட்டால் அங்கேயே விற்கும் வைக்கோல் செருப்பை வாங்கி மாட்ட வேண்டும்.
- மழை பெய்தால் பாதையை மூடிவிடுவார்கள். பனிக்காலம் முழுவதும் மூடியிருக்கும்.

ஏற முடியாதவர்களுக்குச் சாலையோரத்தில் தொலைநோக்கி வைத்த பார்வையிடம் உண்டு.

டொட்டோரி: ஒரு இரவு

மணல்மேடுகள் கிழக்கு மேற்காக 16 கிலோமீட்டர் நீள்கின்றன. செந்தாய் ஆறு மலையிலிருந்து கொண்டுவந்து கடலில் சேர்த்த மணலை அலையும் காற்றும் திரும்பக் கரையேற்றிக் குவித்தவை. நிலையத்திலிருந்து பேருந்தில் இருபது நிமிடம். விடிகாலையிலேயே போங்கள். இரவுக் காற்று வரைந்த வரிகள் காலடி படாமல் அப்போதுதான் இருக்கும். குதிரை முதுகு எனப்படும் மேட்டின் மேல் நின்றால் மறுபக்கம் நேரே கடல். கோடை நண்பகலில் மணல் கொதிக்கும், வெறுங்காலோடு நடக்காதீர்கள். மணலில் பெரிய எழுத்துகள் எழுதுவது சட்டப்படி தடை. பக்கத்திலுள்ள மணல் அருங்காட்சியகம் ஆண்டுக்கொரு கருப்பொருளில் சிற்பங்களைப் புதிதாகச் செய்கிறது. புதுச் சிற்பங்கள் தயாராகும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை பெரும்பாலும் மூடியிருக்கும்.

நண்டு. வளர்ந்த ஆண் நண்டுதான் மட்சுபா. எந்தத் துறைமுகம், எந்தப் படகு என்று சொல்லும் அட்டை காலில் கட்டியிருக்கும், பார்த்து வாங்குங்கள். விலை அதிகம். 2019 முதல் ஏலத்தில் ஒரு நண்டு 50 லட்சம் யென்னுக்குப் போயிற்று. செலவு வேண்டாம் என்பவர்கள் ஒயாகானி என்ற சிறிய பெண் நண்டைக் கேளுங்கள். உள்ளே முட்டை நிறைந்திருக்கும், உள்ளூர் வீடுகளில் மிசோ சூப்பில் போடுவதும் இதைத்தான். பருவம் டிசம்பர் கடைசியோடு முடிந்துவிடும்.

சைவ உணவுக்காரர்களுக்கு

கடலோர ஊர் என்று தயங்க வேண்டாம். ஆனால் முன்கூட்டியே திட்டமிட வேண்டும். கண்ணில் படாத மீன் சாறுதான் பிரச்சினை. சோபாச் சாறு, மிசோ சூப், இனாரி சுஷியின் தோஃபுத் தோல் எல்லாம் பெரும்பாலும் உலர்மீன் சாற்றில்தான் செய்யப்படுகின்றன. டொட்டோரியின் தோஃபு சிக்குவா பெயரில் தோஃபு இருந்தாலும் மீன் கலந்தது.

கைகொடுப்பவை இவை: செங்காராமணிப் பாயசத்தில் அரிசி உருண்டை போட்ட செந்சாய் (இது இசுமோவில்தான் பிறந்தது என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள்), மாட்சுவே இனிப்புகள், பேரிக்காய், ராக்கியோ ஊறுகாய், டைசென் மலைப் பால். டைசென், மிதோகு மலைகளின் கோயில்களை ஒட்டி ஷோஜின் ர்யோரி என்ற துறவியர் உணவு கிடைக்கும். மலைக்கீரையும் தோஃபுவும் நிறைந்த அந்தச் சாப்பாட்டுக்கு முன்பதிவு அவசியம். அப்போதே மீன் சாறும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சோபாக் கடையில் சாற்றை விட்டுவிட்டு உப்போ சோயா சாஸோ தொட்டுச் சாப்பிடலாம்.

இரண்டு வாக்கியங்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்:

- நிகு தோ சகானா வா தபெமாசென். (இறைச்சியும் மீனும் சாப்பிட மாட்டேன்.)
- சகானா நோ தாஷி மோ தபெமாசென். (மீன் சாறும் சாப்பிட மாட்டேன்.)

விடுதிக்கு இதை முன்பதிவின்போதே அனுப்புங்கள். வாசலில் வந்து சொன்னால் சமையற்காரருக்கு மாற்றிச் செய்ய அவகாசம் இருக்காது.

நாள்வாரியாக

1. ஒகயாமா வழியாக மாட்சுவே. அகழிப் படகு, ஏரிக்கரை மாலை.
2. கோட்டை, ஹெர்ன் வீடு, தேநீர்க் குடில்.
3. இச்சிபாதா ரயிலில் இசுமோ, சோபா, ஹினோமிசாகி.
4. யாசுகியும் தாமாட்சுகுரியும், அல்லது இவாமி கின்சான்.
5. சகாய்மினாதோ வழியாக மிசாசா.
6. நாகெயிரே-தோ. மாலையில் டொட்டோரி.
7. விடிகாலை மணல்மேடு. பிற்பகல் ஒசாகா ரயில்.

கையில் ரொக்கம் வைத்திருங்கள். கிராமப் பேருந்திலும் சிறு கடையிலும் அட்டை செல்லாது போகலாம். விடுதி இரவுச் சாப்பாடு சீக்கிரம் தொடங்கிவிடும், ஆறு மணிக்குள் சேருங்கள். அருங்காட்சியகங்களின் விடுமுறை நாளைக் கிளம்பும் முன் பாருங்கள். மழையில் ஒரு நாள் கெட்டால் அடுத்த நாளில் இரண்டையும் திணிக்காமல் ஒன்றை விட்டுவிடுங்கள். இந்தக் கடலோரத்தில் விட்ட இடத்துக்கு ஈடாக அன்றைய மீனோ, ஒரு குளியலோ, ஏரிக்கரையில் ஒரு மணி நேரமோ எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.